காந்தம் திரும்பும் வாரம்

நேற்றிரவு காந்தத்தின் திசையை மாற்றினார்கள்.
இதுவரை இடப்பக்கம் வளைந்தவை
இனி வலப்பக்கம் வளையும்.
ஃபெர்னே ஊரின் வயலுக்குக் கீழே நூறு மீட்டர்.
மேலே சூரியகாந்திகளுக்குச் சேதி போகவில்லை.

இஸோர் தராசை நம்புவதில்லை.
"அதுவும் பருப்பொருள்தானே,
தன் ஆள் பக்கம் சாயும்" என்பாள்.
எதிர்மின் கேயானை அலுமினியம்
ஒரு வாய் அதிகமாய் விழுங்கும்.
அதையும் கழிக்க வேண்டும்.

வசீகரத் துகளுக்கு ஜாதகம் எழுத நேரமில்லை.
சில மில்லிமீட்டர் ஓடி
கேயான்களாய்ப் பயான்களாய் உடைகிறது.
அதன் எதிர்த்துகளும் அப்படியே.
அப்படியேதானா?

மூன்று ஆண்டுகள் விடையை மூடி வைத்திருந்தோம்,
தெரியாத ஓர் எண்ணை அதன்மேல் கூட்டி,
ஆசை கணக்கில் கை வைத்துவிடாதபடி.

வியாழன் மாலை நான்கு மணிக்குத் திறந்தோம்.
ஆயிரத்தில் அரைப்பங்கு.
பிழையும் ஆயிரத்தில் அரைப்பங்கு.
யாரோ இருமினார்கள்.
இஸோர் காபிக் குவளையைக் கழுவப் போனாள்.
நெடுநேரம் கழுவினாள்.

சனிக்கிழமைச் சந்தையில்
அப்ரிகாட் விற்கும் த்ரவெர்ஸே
ஒரு கிலோ நிறுத்து, முள் நின்ற பிறகு
இன்னொன்றை எடுத்துப் போட்டார்.
கொசுறு.

நூறு கோடியும் நூறு கோடியும்
ஒன்றையொன்று எரித்து ஒளியான பின்
மிஞ்சிய அந்த ஒன்றில்தான்
ஜூரா மலை, இந்தப் பழம்,
சாறு வழியும் அவள் மணிக்கட்டு,
த்ரவெர்ஸேயின் துருப்பிடித்த எடைக்கல்.
முள் நின்ற பிறகு
போட்டது எந்தக் கை?

கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"திங்கட்கிழமை மறுபடி திருப்புகிறார்கள்.
சீக்கிரம் வா."