மெழுகு இறங்கிய ஞாயிறு

ஆலைக்கு இன்று ஓய்வு.
ஆனாலும் செம்பனைக் குலை அவிந்த வாடை
பாடாங் செராய் முழுக்க
நேற்றைய குழம்பு போல நிற்கிறது.

வாசலில் கரும்பச்சை வீரா.
என் பேருக்கு மாறி ஒன்பது நாள்.
கூட்டுப் பணம் எடுத்து வாங்கியது,
இன்னும் பதினாலு மாதம் கட்ட வேண்டும்.

விற்ற லிம், கூலிமில், மலாயில் சொன்னார்:
"ஒரே கை. வாத்தியார் கை.
ரிமோட் மட்டும் வேலை செய்யாது, சாவிதான்.
ஆனா பளபளப்பைப் பாருங்க,
முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்."
வைத்தும் பார்த்தேன்.
கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

தண்ணீர் ஊற்றினால் ஒட்டாது.
தாமரை இலை என்று சொல்ல வாய் வருகிறது;
நான் கண்டதோ வாய்க்கால் ஓரத்துச் சேம்பிலை.
அப்படித்தான் மணி மணியாக உருண்டது.
ஆனால் அடியில் மஞ்சள் பூத்திருந்தது,
பல் துலக்காதவன் சிரிப்பு மாதிரி.
மெழுகின் மேல் மெழுகு, அதன் மேலும் மெழுகு.

டயர் கடை ஃபைசால் ஒரு புட்டி கொடுத்தான்.
"அக்கா, இது அழுக்குக்கு இல்லை,
பழைய மெழுகைக் கழற்றும் சோப்பு.
வெயிலில் வேண்டாம். காய விடாதே.
மாசா மாசம் தேய்த்தால் ரப்பர் எல்லாம் வறண்டு போகும்."
மூடியைத் திறந்தேன்.
எலுமிச்சை மாதிரி ஏதோ ஒன்று
மூக்கில் அறைந்தது.

இரண்டு வாளி: நுரைக்கு ஒன்று, துணி அலச ஒன்று.
கூரையில் தொடங்கிக் கீழே வந்தேன்.
பாதியில் கேஸ் லோரி வந்தது,
பாதியில் அத்தை போன் செய்தாள்,
நுரை காய்ந்துவிடும் என்று
அத்தையைப் பாதியில் வெட்டினேன்.
(அதற்கு வேறு ஒரு ஞாயிறு வேண்டும்.)

கதவுக்குக் கதவு தண்ணீர் ஊற்றிச் சோதனை.
உருண்டால் இன்னும் இருக்கிறது.
விரிந்தால் போய்விட்டது.
மூன்றாம் தடவையில்
பானெட் முழுக்க ஒரே போர்வையாகத் தண்ணீர்
விரிந்தது, யோசித்தது, இறங்கியது.

துடைத்து, வெயிலுக்கு நகர்த்தினேன்.
லிம் விற்ற பளபளப்பு
வாளியில் கிடந்தது, கலங்கலாக.

ஓட்டுகிறவர் பக்கம்,
சாவித் துளையைச் சுற்றி நூறு கீறல்.
கோழி கிளறிய மண்.
இருட்டில் வந்து துளை தேடிய கை.
தண்ணியா, கண் மங்கலா, நடுக்கமா,
எது என்று வண்டி சொல்லவில்லை.

அந்தப் பக்கக் கதவில்
ஒரு கீறல் இல்லை.
சாவி போட்டு அதை யாருக்கும்
அவர் திறந்து விட்டதே இல்லை போல.

பின் மூடியில் வட்டத் தடங்கள்,
தே தாரிக் குவளை அளவு,
ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு.
நின்றபடியே குடித்திருக்கிறார்.
எங்கே, எந்த வேளையில்,
எத்தனை வருஷம்,
பக்கத்தில் யார் இருந்தார்கள்,
அல்லது அதுவும் அந்தப் பக்கக் கதவு மாதிரியா.

லிம்முக்கு அழுத்தினேன்.
ஐந்நூறாவது குறைக்கச் சொல்ல வேண்டும்.
மணி அடித்தது. அவர் எடுப்பதற்குள் வைத்தேன்.
என்ன சொல்வது?
வண்டியில் ஆள் இருந்திருக்கிறார் என்றா?

புது மெழுகு டப்பா முப்பத்தெட்டு வெள்ளி.
சம்பளம் ஏழாம் தேதி.
"மூடாத வண்டி, மழையில் விடாதே,"
ஃபைசால் ரோட்டுக்கு அந்தப் புறமிருந்து கத்தினான்.
நாலு மணிக்கு மழை வந்தது.
கதவருகே உட்கார்ந்து பார்த்தேன்:
ஒரு சொட்டும் உருளவில்லை.
எல்லாம் அப்படியே அகன்று
சாயத்தோடு படிந்து போனது.

மழை விட்டு, விளக்கு வைத்த பிறகு
ரொட்டியும் முட்டையும் வாங்கக் கிளம்பினேன்.
தெருவிளக்கு இன்னும் பழுது.
சாவி ஒரு தரம் வழுக்கியது.
கிர்ரென்று சின்னச் சத்தம்.

விரலால் தடவினேன்.
எது அவருடையது, எது என்னுடையது,
தெரியவில்லை.
கடை ஒன்பதுக்கு மூடிவிடுவான்.