எர்த் வயர்

கிதார் ஆயிரத்து எண்ணூறு ராண்ட்,
அடகுக் கடையில் மீட்கப்படாமல் கிடந்தது.
அதற்குள் போட நான் பார்த்து வைத்த பிக்கப்புகள்
மூவாயிரத்து நானூறு.
கோகிக்குத் தெரிந்த தமிழ்ப் பழமொழி மொத்தம் நாலு.
அதில் ஒன்றை இதற்கெனச் செலவழித்தாள்:
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மெரிபேங்க் காற்றில் கடலுப்பு உண்டு,
எண்ணெய் ஆலையின் அழுகிய முட்டை வாடையும் உண்டு.
கம்பிகள் மூன்று வாரத்தில் துருவேறும்.
உள்ளே என்ன நடக்கிறதென்று
பன்னிரண்டு வருஷம் நான் திறந்து பார்க்கவில்லை.

ஆனால் அந்த முனகல் எனக்கு அத்துப்படி.
மண்டபத்துக் குழல்விளக்குக்கு ஒரு மாதிரி,
சமையலறையில் ஃப்ரிட்ஜ் விழித்துக்கொண்டால் வேறு மாதிரி.
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
ம்ம்ம்ம் என்று,
யாரோ கடன் கேட்க வந்து
கேட்காமல் நிற்பதுபோல.
கம்பிகள்மேல் உள்ளங்கையை வைப்பேன்.
அடங்கிவிடும்.
என் உடம்பு வழியாகத்தான்
அது மண்ணுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

பேஸ் வாசிக்கும் சீலன் சொன்னான்:
ஆம்ப்ளிஃபயரை மாத்து, மண்குதிரைக்குத் தங்கச் சேணம் எதுக்கு?
டிரம்ஸ் யுகன் சொன்னான்:
பயிற்சி பண்ணு, அது இலவசம்.
இரண்டும் சரிதான்.
ஈஸ்டர் வாரத்து ஓவர்டைம் காசு வந்தது.

அம்பிலோ ரோட்டில் பெக்கியின் மேசை.
திருகாணிகளைச் சோடா மூடியில் போட்டுவிட்டு
வெள்ளைத் தகட்டைத் தூக்கினான்.
காய்ந்த கரப்பான் ஒன்று.
பச்சை பூத்த செம்பு.
எவனோ பழைய சொந்தக்காரன்
பென்சிலில் கிறுக்கிய டெலிபோன் நம்பர், கடைசி எண் அழிந்து.
பிறகு, ஈயம் விட்டுப்போய்
மயிரிழையில் தொங்கிய கறுப்பு வயர்.
"இதுதான் உன் எர்த். இதை ஒட்டினாலே பாதி முனகல் போகும்.
ஐம்பது ராண்ட் கொடு,
அந்தப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு."
நேர்மையான மனிதன்.
நான் பெட்டியை அவன் பக்கம் தள்ளினேன்.
ஈயம் உருகியபோது எழுந்த புகை
சாம்பிராணிக்குத் தூரத்துச் சொந்தம்.

சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்தில் ஒரு நிச்சயதார்த்தம்.
சுவிட்சைப் போட்டேன்.
ஒன்றுமில்லை.
கெட்டுவிட்டதோ என்று வயிறு கலங்கியது.
இல்லை, இதுதான் அது:
மூவாயிரத்து நானூறு ராண்ட் மௌனம்.

ஒரு கம்பியைத் தொட்டேன்.
ஐயோ, எவ்வளவு தெளிவு!
சுண்டுவிரல் எப்போதும் பிந்தி வருவது தெளிவு.
இழுத்து வளைத்த சுரம்
வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நிற்பது தெளிவு.
பன்னிரண்டு வருஷமாய் அந்த முனகல்
என் தப்புகளுக்கெல்லாம்
ஜாமீன் கொடுத்திருக்கிறது.

சபையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.
பிரியாணி வந்துகொண்டிருந்தது.
பெண்ணின் மாமா சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.
காரில் ஏறும்போது கோகி மட்டும் கேட்டாள்:
"பாட்டு முடிஞ்சா கையை எங்க வெக்கிறதுன்னு தெரியாம
ஏன் அப்படி நின்னே?"

பழைய பிக்கப்புகள் பிஸ்கட் டின்னில்.
சீலன் இருநூறுக்குக் கேட்கிறான்.
தரமாட்டேன் என்றேன், காரணம் கேட்டால் கோபம் வருகிறது.

லாபமா என்று யுகன் கேட்கிறான்.
கணக்கு இன்னும் முடியவில்லை.
தினமும் ஒரு மணி நேரம் சுண்டுவிரலோடு சண்டை.
நேற்று நடுவில் கரண்ட் போனது, தெரு முழுக்க இருட்டு.
பிக்கப்புக்கு வேலையில்லை, பழசு புதுசு எதற்கும்.
கொசு அளவுச் சத்தத்தில் வாசித்து முடித்தேன்.
உள்ளங்கை தானாகப் போய்
கம்பிகள்மேல் படுத்துக்கொண்டது,
அடக்க எதுவும் இல்லாமல்.