வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மதிப்புரை

பொற்செல்விக்கு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.
அறுநூறு சொல்.
ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று தனியாகப் போட வேண்டும்.
அங் மோ கியோ நூலகத்தில் ஒன்பது பெண்களும்,
மனைவிக்குத் துணையாக வந்து அப்படியே தங்கிவிட்ட
டாக்சிக்காரர் ஒருவரும் காத்திருப்பார்கள்.

நாவலின் தலைப்பில் ‘நீ’ இரண்டு முறை வருகிறது.
நாயகன் சமர்ஜித். முப்பத்தோரு வயதில் நாலு கம்பெனி.
கோபம் வந்தால் தாடை இறுகும்.
நாற்பது பக்கத்துக்குள் பதினொரு முறை இறுகியது,
பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன்.
மிதுளாவுக்குக் கடன்.
அவனுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு மனைவி தேவை.
ஒப்பந்தம், கையெழுத்து, அறையில் ஒரே ஒரு கட்டில்.
மழை ஒரு நாளும் தாமதமாக வருவதில்லை.

படித்ததெல்லாம் ரயிலில்தான்,
அட்டையை மடியோடு கவிழ்த்துக்கொண்டு,
பொங்கோலில் ஏறி சைனாடவுனில் இறங்கும்வரை.
பதின்மூன்று நிறுத்தம் போயும்
ஒரு முத்தம் நடந்து முடியவில்லை.

எனக்கு வேலை குடும்ப நீதிமன்றத்தில். மொழிபெயர்ப்பாளர்.
‘அவர் என்னிடம் பேசுவதே இல்லை’ என்று
காலை ஒன்பதரைக்கு ஆங்கிலத்தில் சொல்வேன்.
இரண்டரைக்கு வேறொருத்திக்காக
அதையே திரும்பச் சொல்வேன்.
‘அவள் சொல்கிறாள்’ என்று சொல்லக் கூடாது.
‘நான்’ என்றே சொல்ல வேண்டும், அது விதி.
ஒரே வாரத்தில் நாலு கணவனாகவும்
ஐந்து மனைவியாகவும் இருந்திருக்கிறேன்.

இந்த ஊரில் காதலைச் சொல்ல மழை வேண்டியதில்லை.
‘பிடிஓ போடலாமா?’
தவசீலன் அப்படித்தான் கேட்டார்,
காப்பிக்கடையில், வாய் நிறைய மீகோரெங்கோடு.
நாலறை வீடு. சாவி வர நாலரை வருடம்.
நடுவில் ஒருமுறை பிரிந்தோம்.
வரிசை எண் வீணாகுமே என்று சேர்ந்தோம்.
சமர்ஜித் இருப்பது இருபத்தேழாம் மாடியில்.
அங்கே யாரும் குப்பை கொட்டி நான் பார்க்கவில்லை.

‘தாலி ஏறியதும் நாவல் முடிகிறது,
என் கோப்புகள் அங்கேதான் தொடங்குகின்றன’
என்று முதல் வரி எழுதினேன்.
இரண்டு நாள் அதை நினைத்துப் பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு வழக்கு.
பெயர் சொல்லக் கூடாது.
அவருக்குத் துவாஸில் வேலை என்பதையும்
சொல்லியிருக்கக் கூடாது.
இருபத்திரண்டு வருடக் கல்யாணம்.
பேச்சுக்கு நடுவே அந்த அம்மா
கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார்.
அவர் நிமிரவில்லை. கோப்பைப் பார்த்தபடியே
‘சாப்ட்டியா?’ என்றார்.
நீதிபதி கண்ணாடியை இறக்கினார். என்ன சொல்கிறார்?
சொன்னேன்.
ஆங்கிலத்தில் அது
பரிசாரகர் கேட்பதுபோல் போய் விழுந்தது.
பதிவில் ஏறவில்லை.
அந்த அம்மா தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்,
மூடினார், திறந்தார்.
மனுவை யாரும் திரும்பப் பெறவில்லை.

அன்றிரவு இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
தாடை இறுகும் அந்த ஆள்
நடுச்சாமத்தில் எழுந்து
மிதுளாவின் செல்பேசியை மின்னேற்றியில் செருகிவிட்டு
மறுபடி படுக்கிறான்.
ஆசிரியர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.
மழையும் இல்லை. அடுத்த வரியில் விடிந்துவிடுகிறது.
பென்சில் கையில்தான் இருந்தது.

கூடத்தில் தொலைக்காட்சி ஓட ஓட
தவசீலன் தூங்கிப்போயிருந்தார்.
அவர் செல்பேசியில் மூன்று விழுக்காடு.
என் மின்னேற்றி அதற்குப் பொருந்தாது.
அவருடையது எங்கே இருக்கிறதென்று
பத்து நிமிடம் தேடினேன்,
சாங்கியில் வேலையிடத்திலேயே விட்டிருப்பார்.

முதல் வரியை அடித்தாயிற்று.
இன்னும் ஐந்நூற்று எண்பது சொல் பாக்கி.
நட்சத்திரம் மூன்று. அடித்து, மூன்றரை.
அந்த அரை எதற்கு என்று டாக்சிக்காரர் கேட்பார்,
அவர் எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்பவர்.
பக்க எண்ணை மட்டும் சொல்வதாக இருக்கிறேன்.