மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

பதினொரு நாள் ரயில் வந்தது.
அதற்காக இருபத்திரண்டாம் நம்பர் காட்டில்
காய்த்துக்கொண்டிருந்த செம்பனையைச் சாய்த்தார்கள்.

எனக்கு அந்தப் பதினொரு நாளும்
நாளுக்கு நாற்பது வெள்ளி, பொட்டலச் சோறு,
சருகுமான் படம் போட்ட சட்டை,
பாதி ஆள் உயரத்துக்கு ஒரு பஞ்சுக் கை.
இறங்குகிறவர்களுக்கு
அரங்கம் எந்தப் பக்கம் என்று காட்டவேண்டும்.
காட்டினேன். எல்லாரும் போனார்கள்.
வட்டெறிகிறவள் ஒருத்தி, எந்த நாடோ,
பாதி வழியில் திரும்பி
நீ வரவில்லையா என்று சைகையில் கேட்டாள்.
அவ்வளவு பெரிய கையால்
இல்லை என்றுதான் ஆட்ட முடிந்தது.

இப்போது டிக்கெட் கவுண்டரில் உரமூட்டை.
தண்டவாளம் எடைக்குப் போய்விட்டது.
கூரை மட்டும் ஒழுகாது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.
மழையென்றால் விடியற்காலை
குத்தகை லாரிக்கு அங்கேதான் நிற்கிறோம்:
நான், பாக்கியமேரி,
மருந்தடிக்க வந்த வங்காளதேசப் பையன் ருபேல்.
யாரும் சொல்லவில்லை,
ஆனாலும் மூவரும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்.
லாரி வருவதென்னவோ
முதுகுக்குப் பின்னால்.

பஞ்சுக் கையை மிளகாய்ப் பாத்தியில் நட்டிருக்கிறேன்,
குருவி விரட்ட.
கொண்டைக்குருவிகள் அந்த விரல்மேல் உட்கார்ந்துதான்
எந்தக் காய் பழுத்ததென்று
பார்க்கின்றன.