கேட் சாவி

கம்பெனி கொடுத்த படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள்.
விமான நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்பது முதலாவது.
திருச்சி என்றும் எழுதலாம், மதுரை என்றும் எழுதலாம்,
இரண்டுமே கிட்டத்தில் இல்லை.
பத்துக்கு நான்கு போட்டேன்.

காரைக்குடியில் இருநூறு நாற்காலி போட
ஓர் இடம் வேண்டும்.
நாற்காலியில் உட்காருகிறவர்கள்
ஆறே மாதத்தில் பெட்டி கட்டாத ஊராகவும் இருக்க வேண்டும்.

ஆட்டோ ரவூப் அண்ணன் காட்டிய வீட்டுக்கு
இந்தத் தெருவில் முன்வாசல்,
அடுத்த தெருவில் பின்வாசல்.
நடுவில் எத்தனை அறை என்று
காவலுக்கு இருந்த வள்ளிமயிலைக் கேட்டேன்.
"எண்ணினதில்லம்மா. பெருக்குறது நாலுதான்."
வாடகைக்கு விடுவார்களா?
"பதினேழு பங்காளி. பதினாறு பேர் சரின்னுட்டாக.
பினாங்குல ஒருத்தக போன் எடுக்க மாட்டேங்குறாக."
கேள்வி ஒன்பது: காலியிடம் கிடைக்குமா?
கிடக்கிறது, என்று எழுதினேன்.

மின்சாரம் ஏழு. சொல்லிவிட்டு நிறுத்துகிறார்கள்.
படித்தவர்கள் ஒன்பது.
பரீட்சை முடிந்து வெளியே வந்த கூட்டத்திடம்
சென்னைக்கு எப்போது கிளம்புகிறீர்கள் என்றேன்.
எல்லோரும் ஒரு மாதத்தின் பெயர் சொன்னார்கள்.
கார்குழலி என்பவள் மட்டும்
"வேலை இங்க வந்தா நான் ஏன்க்கா அங்க வர்றேன்" என்றாள்,
ஏதோ நான்தான் வேலையைப்
பையில் ஒளித்து வைத்திருப்பதுபோல.

தண்ணீர்: குழாயில் பிடித்தே குடித்தேன். பத்து.
சம்பை ஊற்று என்றார் டீக்கடைக்காரர்,
சொந்தத் தோட்டத்துக் கிணற்றைச் சொல்வதுபோல.
வீட்டில் மாதம் எத்தனை கேன் வாங்குகிறேன் என்று
ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டு
அடித்துவிட்டேன்.
படிவம் அதைக் கேட்கவில்லை.

இருபத்தாறாவது கேள்வி
பணியாளர் குடியிருக்க வசதி.
எனக்கே வீடு தேடுவதுபோலப் போனேன்.

கழனிவாசல் பக்கம் முதல் வீட்டில் காபி கொடுத்தார்கள்.
ரொம்ப நல்ல காபி.
டம்ளரைக் கீழே வைக்கும் முன்னே
"நீங்க என்ன ஆளுக?"
அடுத்த வீட்டில் "சைவந்தானே?"
கோழி வறுவலுக்கு நாடே பேர் சொல்லும் ஊரில்.
மூன்றாம் வீட்டில் எதுவுமே கேட்கவில்லை.
ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவோம் என்றார்கள்.
எங்கள் கம்பெனி கண் விழிப்பதே
ஒன்பதுக்கு மேல்தான்.

இரண்டு போட்டேன்.
பேனா மறுபக்கம் வரை பதிந்துவிட்டது.

அன்றிரவு தலைவலி.
ஸ்டேஷன் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மட்டும் வெளிச்சம்.
"பல்லவன் வரட்டும்னு இருக்கேன்" என்றார் சொர்ணலிங்கம்.
"எறங்குறதுல யாராச்சும் ஒருத்தருக்கு ஏதாச்சும் வேணும்."
வந்தது.
ஒருவர் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கினார்.
ஒருவர் எதுவும் வாங்காமல்
ஐந்நூறுக்குச் சில்லறை கேட்டார்.
கொடுத்தார்.
ஷட்டர் பாதி இறங்கியபோதுதான்
மேலே தொங்கிய அட்டை கண்ணில் பட்டது:
மாடி வாடகைக்கு.

அவர் கேட்டது ஒரே கேள்வி.
"ராத்திரி ஷிப்டா?"
ஆமாம் என்றேன்.
கல்லாவைத் துழாவி
சாவிகள் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.
"இது மாடிக்கு. இது கேட்டுக்கு.
எத்தனை மணிக்கு வந்தாலும் யாரையும் எழுப்ப வேணாம்.
மோட்டார மட்டும் ராத்திரி போட்றாதீக,
அந்தச் சத்தம் எனக்கு ஆகாது."

இரண்டை நான் திருத்தவில்லை.
கடைசிப் பக்கத்தில் 'பரிந்துரை' என்ற கட்டத்தில் எழுதினேன்:
நாற்காலிகளை அனுப்பலாம்.
கேட் சாவியில்
நூற்றுத்தொண்ணூற்றொன்பது குறைகிறது.

மீதி ஒன்றுக்கு
முன்பணம் கொடுத்தாகிவிட்டது.