இல்லாத புள்ளி

ஏழாவது வருடம்.
விரல்முட்டிகளின் வீக்கத்தை வற்றவைக்கும் அதே மாத்திரை
விழித்திரையிலும் கைவைக்கலாம் என்று
ஆண்டுக்கொருமுறை அழைக்கிறார்கள்.

க்டீனியா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் என் நாற்காலி.
கீழே கொள்கலன்கள், கையசைக்கும் மிரோஸ்வாஃப்.
எங்கே மினுக்கினாலும்
அங்கே திரும்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இங்கே தலைகீழ்.
வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம்,
ஒரு கண்ணுக்கு மறைப்பு.
"நடுவை மட்டும் பாருங்கள், பானி லுத்மிவா.
ஒளியைத் துரத்த வேண்டாம்.
தெரிந்தால் அழுத்துங்கள்."

தெரிந்ததற்கு அழுத்தினேன்.
தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியதற்கும்.
உரிமம் போய்விட்டால்?
மாத்திரையை நிறுத்தி
விரல்கள் மறுபடி கல்லாகிவிட்டால்?

தாளைப் பார்த்தபடியே கேட்டாள் அந்தப் பெண்:
"விளக்கே வராதபோது பதினோரு முறை அழுத்தியிருக்கிறீர்கள்.
யாரை ஏமாற்ற?"

கையில் எடுத்த குளிரங்கியை
மறுபடி ஆணியில் மாட்டினேன்.
"இன்னொரு முறை."

இம்முறை இருட்டை
இருட்டாகவே விட்டேன்.
சரக்கில்லாத கொக்கிபோல்
விரல் சும்மா தொங்கியது,
வரும்வரை.

வெளியே வரும்போது
மாத்திரையின் அளவு என் எடைக்குச் சரிதானா
என்றும் கேட்டேன்.
ஏழு வருடமாக
கேட்காமலிருந்த கேள்வி.