ஒற்றையா இரட்டையா

வார்டோ துறைமுகத்திலிருந்து இரண்டு நாள் வடகிழக்கே,
முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துச் சேற்றை
மேசைமேல் கவிழ்த்தது வலை.
காட் மீன், இறால், கை முறிந்த நட்சத்திரமீன்கள்,
யாரோ எப்போதோ தொலைத்த ரப்பர் கையுறை.
அதற்குள் சுருண்டிருந்தது இது.

ஒன்றரைச் சாண் நீளம்.
விலாங்கென்று நினைத்தால் விலாங்கில்லை.
தவளை வாய். கோபித்துக்கொண்ட உதடு.
முதுகுத் துடுப்பு முடிவதும் வால் தொடங்குவதும்
எங்கேயென்று
மீனுக்கே தெரியாது போல.

“ஓலெப்ரோஸ்மெ” என்றார் ஊட்-ஆர்னெ,
ஒரே சொல்லில் வேலையை முடித்து
பெட்டி கழுவப் போய்விட்டார்.
திரும்பக் கடலில் எறிவதற்கு
அந்தப் பெயர் போதும்.

ரங்ஃப்ரிதுக்குப் போதாது.
விளக்கை இழுத்தாள். ஊசியை எடுத்தாள்.
இனங்காணும் ஏட்டில் எந்தக் கேள்விக்கும் இரண்டே வழி.
பிடரியில் செதில் உண்டா?
உண்டு. ஒன்பதுக்குப் போ.
பக்கக்கோடு எப்படி ஓடுகிறது?
ஈரத்தில் அது தெரிவதில்லை.
துணியால் ஒற்றி, வாயால் ஊதி,
வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்
தையல் பிரித்த தடம்போல ஒரு கோடு
அடிவயிற்றுப் பக்கம் இறங்குகிறது.
பதினான்குக்குப் போ.

மார்புத் துடுப்பில் கதிர்கள் எத்தனை?
பதினெட்டு வரை என்றால் ஒரு பெயர்,
அதற்கு மேல் என்றால் வேறு.

அவள் எண்ணினாள்: பத்தொன்பது.
பென்சிலை வைத்துவிட்டு நான் எண்ணினேன்: பதினெட்டு.
கப்பல் ஒருபுறம் சாய்ந்து நிமிர்ந்தது.
மறுபடி. இப்போது அவளுக்குப் பதினெட்டு,
எனக்குப் பத்தொன்பது.
கடைசிக் கதிர் அடியில் ஒன்று, நுனியில் இரண்டு.
புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு
ஒற்றையா இரட்டையா கேட்கும் பிள்ளைபோல
அந்தத் துடுப்பு
மடங்கியது, விரிந்தது.

இடையில் எப்போதோ செவுள் நின்றிருந்தது.
நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அடியில் உள்ளதைத்தான் எண்ண வேண்டும் என்று முடிவாயிற்று.
இடப்பக்கம் பதினெட்டு.
திருப்பிப் போட்டாள்.
வலப்பக்கம் பத்தொன்பது. மூன்று முறையும்.
நான்கு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்,
நெற்றியில் சேறு ஒட்டியது தெரியாமல்.

துடுப்பில் ஒரு துணுக்கு வெட்டிச்
சாராயக் குப்பிக்குள் இட்டாள்.
படிவத்தில், பேரினத்தைப் பேனா அழுந்த எழுதி
இனம் என்ற கட்டத்தில்
கேள்விக்குறி போடச் சொன்னாள். போட்டேன்.

பெட்டி கழுவி வந்த ஊட்-ஆர்னெ
மேசையோரம் கிடந்த கையுறையை எடுத்தார்.
மணிக்கட்டு மடிப்பைப் பிரித்துப் பார்த்தார்.
மங்கிய மையில், பெரிய எழுத்துகளில்:
இங்வால்ட்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
குழாயைத் திருகி வேகத்தைக் குறைத்து
அதை மட்டும் தனியாகக் கழுவினார்,
ஒவ்வொரு விரலாக.